திரையும் திடலும்

பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவர் வந்து, மாணவர்களை வரிசையாக நிறுத்தி எடை பார்ப்பது நெடுநாளைய வழக்கம். அவ்வரிசையில் நின்ற பிள்ளைகளுள் எவரைக் குறித்து மருத்துவர் கவலை கொண்டார்? விலா எலும்பு தெரிய நின்ற பிள்ளையைக் குறித்தே. கொழுகொழுவென்று நின்ற பிள்ளையைக் கண்டால் அவர் முகம் மலர்ந்தது. பெற்றோர் மனமும் நிறைந்தது. 1943-ஆம் ஆண்டில் வங்கத்தில் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனதைக் கண்ட நாடு இது. அத்தகைய நாட்டில் பருத்த குழந்தை ஒரு பேறாகவே எண்ணப்பட்டதில் வியப்பில்லை.

இன்று அதே தராசு இருவகைக் கவலையைத் தருகின்றது. 2016 முதல் 2018 வரை நாடெங்கும் நடத்தப்பெற்ற தேசியச் சத்துணவு ஆய்வின்படி, 5 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 23 பேர் உரிய எடையின்றி மெலிந்திருந்தனர். 100-க்கு 4 பேர் மிகையான எடை உடையோராய் இருந்தனர். 10 முதல் 19 வயது வரை உள்ளோரில் மெலிந்தவர் 24 பேர். எடை மிகுந்தவர் 5 பேர். நான்கும் ஐந்தும் சிறிய எண்கள்தாமே என்று நாம் அமைதி கொள்ளலாம். ஆனால் அவ்வெண் எத்துணை விரைவில் வளர்ந்தது என்பதையும் நோக்க வேண்டும். 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் உடற்பருமன் நோயாகக் கருதப்படும் அளவை எட்டியவர்கள் 1990-இல் நம் நாட்டில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் என்றும், 2022-இல் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்றும் 2024-இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு ஒன்று கூறிற்று. ஒரு தலைமுறைக்குள் முப்பது மடங்கு!

இதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், 'தொலைக்காட்சி, கைப்பேசி' என்று பலரும் ஒரே மூச்சில் விடை பகர்கின்றனர். அவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. திரை நம் வீட்டில் திருடனைப்போல் நுழையவில்லை. ஆசிரியர் என்று சொல்லி, பெரியவர்களாகிய நாமே அதனை அழைத்து வந்தோம். அழைத்து வந்த நாளில் அதற்கு ஓர் அளவும் இருந்தது. அவ்வளவு எப்போது, எவ்வாறு கைநழுவியது என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் வரலாறு.

திரைக்கு முன்னர்

உட்கார்ந்திருத்தலுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை விளக்கிய பழைய ஆராய்ச்சிகளுள் சிறப்பான ஒன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. அதுவும் இங்கே தொலைக்காட்சி தோன்றுவதற்கு முன்பே நிகழ்ந்தது.

பிரான்சு நாட்டில் பிறந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உணவியல் கற்பித்த ழான் மேயர் என்னும் அறிஞர், 1954-இல் வெள்ளெலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். நாள்தோறும் மிதமாக ஓடிய எலிகள் தம் உழைப்புக்கு ஏற்பவே உண்டன. அவற்றின் எடை மாறவில்லை. ஓட்டமே இல்லாமல் கூண்டில் அடைபட்டிருந்த எலிகளோ, உழைப்புக் குறைந்ததற்கு ஏற்ப உணவைக் குறைத்துக்கொள்ளவில்லை. மாறாக, சிறிது கூடுதலாகவே தின்று பருத்தன. மனிதருக்கும் இது பொருந்துமா என்ற வினா எழுந்தது.

அதற்கு விடை தேட, மேற்கு வங்கத்தில் ஹூக்ளி நதிக்கரையில் இருந்த ஒரு சணல் ஆலையை மேயரும் அவருடைய இந்தியத் துணைவர்களும் தேர்ந்தனர். அங்கே ஒரே வளாகத்தில் பலவகை உழைப்பினர் இருந்தனர். நாள் முழுதும் கடையில் அமர்ந்திருந்த வணிகர், மேசைமுன் அமர்ந்த எழுத்தர், மேற்பார்வையாளர், தறியில் நின்ற நெசவாளர், கரியும் சாம்பலும் அள்ளியோர், பொதி சுமந்தோர் எனப் பல படிகளில் 213 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். ஆய்வின் முடிவு 1956-இல் வெளியாயிற்று. இலேசான வேலை செய்தோர் முதல் கடும் உழைப்பாளர் வரை, உழைப்பு ஏற ஏற உணவும் ஏறிற்று. எடை சீராக நின்றது. ஆனால் அசையாமல் அமர்ந்திருந்தோர் கடும் உழைப்பாளருக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ உண்டனர். அவர்கள் உடலே கனத்தும் இருந்தது.

இதன் பொருளை நாம் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். பசி என்பது உடலுக்குள் இயற்கை வைத்த தராசு. உடல் ஓரளவேனும் அசைந்துகொண்டிருக்கும்வரை அத்தராசு நேர்மையாக நிற்கின்றது. அசைவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் முள் தடுமாறிவிடுகின்றது. வள்ளுவர் 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்தில் மருந்துகளின் பெயரைச் சொல்லாமல் உணவின் அளவையே பேசினார். அவ்வளவைத் தானே உணர்கின்ற உடல் உழைக்கின்ற உடலே என்பதை ஹூக்ளிக்கரை ஆய்வு எடுத்துக்காட்டிற்று. குழந்தைகளைப் பற்றிய ஆய்வு அன்று அது. ஆயினும் குழந்தைகளை உட்கார வைக்கப் போகும் ஒரு கருவி அப்போது வந்துகொண்டிருந்தது.

அழைத்து வந்த ஆசிரியர்

1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் புது தில்லியில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் சோதனைத் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். அது ஆகாசவாணியின் மடியில் பிறந்த குழந்தை. 1976-இல் தூரதர்சன் எனத் தனியாகப் பிரியும்வரை வானொலியின் ஒரு கிளையாகவே இயங்கிற்று. யுனெஸ்கோ நிறுவனம் உதவி நல்கிற்று. பெட்டிகள் வீடுகளில் வைக்கப்பெறவில்லை; சமூக மன்றங்களில் வைக்கப்பெற்றன. வாரத்தில் இரு நாட்கள் மட்டுமே, சிறிது நேரமே நிகழ்ச்சி உண்டு. மக்கள் நடந்து வந்து கூடினர், கண்டனர், கண்டதைப் பற்றி விவாதித்தனர். நிகழ்ச்சிகளின் பொருளோ சுகாதாரம், சாலைவிதி, குடிமக்களின் கடமை என்பன.

1961-இல் தில்லிப் பள்ளிகளுக்கான தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. ஃபோர்டு அறக்கட்டளை துணை நின்றது. ஆய்வுக்கருவிகள் போதாத பள்ளிகளிலும் விஞ்ஞானச் சோதனைகளை மாணவர் கண்ணால் காணலாயினர். பாடம் ஒரு வகுப்பு வேளைக்குள் அடங்கியது. மணி அடித்ததும் பெட்டி அணைந்தது. பிள்ளைகள் திடலுக்கு ஓடினர்.

இம்முயற்சியின் உச்சம் 1975-இல் வந்தது. ஆகஸ்டு 1-ஆம் நாள் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் ஊராருக்கு. ஊருக்கு ஒரு பெட்டி. அதன்முன் ஊரே அமர்ந்தது. ஓராண்டு முடிந்ததும் திரையும் இருண்டது.

இக்காலத்தை நாம் நினைவுகூர்வது ஏக்கத்தினால் அன்று. அந்நாட்களில் திரைக்கு அளவு வகுத்தவர் தாயும் அல்லர், தந்தையும் அல்லர். ஒளிபரப்பு நிலையமே அளவை வகுத்தது. பெட்டியின் விலை ஒரு வேலி. அது பொதுவிடத்தில் இருந்தது மற்றொரு வேலி. நிகழ்ச்சியின் குறுகிய நேரம் மூன்றாவது வேலி. இம்மூன்று வேலிகளுக்குள் குழந்தை பாதுகாப்பாய் இருந்தது. அவை வேலிகள் என்று அப்போது யாரும் உணரவில்லை. குறைகள் என்றே எண்ணினர். குறைகளை நீக்குவதில் ஊக்கம் காட்டினர்.

வீட்டுக்குள் வந்த திரை

1972-இல் பம்பாய்க்கும், 1975-இல் கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களுக்கும் தொலைக்காட்சி பரவியது. 1982-ஆம் ஆண்டு அதன் வரலாற்றில் ஒரு திருப்பம். ஆகஸ்டு 15-ஆம் நாள் வண்ண ஒளிபரப்பும் நாடு தழுவிய நிகழ்ச்சியும் தொடங்கின. அவ்வாண்டின் இறுதியில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. போட்டிகளை வண்ணத்தில் காணவேண்டிப் பல குடும்பங்கள் பெட்டி வாங்கின. விளையாட்டு வீரர்கள் ஓடியதைக் காண்பதற்காக நம் பிள்ளைகள் ஓடுவதை நிறுத்தி உட்கார்ந்த முரண்பாட்டை அன்று எவரும் கவனிக்கவில்லை.

1984-இல் 'ஹம் லோக்' என்னும் தொடர் குடும்பங்களை மாலையில் ஒன்றாக அமர்த்தியது. 1987-இல் தொடங்கிய 'ராமாயணம்' ஞாயிறு காலையில் தெருக்களை வெறிச்சோட வைத்தது. ஞாயிறு காலை என்பது வட நாட்டில் கில்லி தண்டாவுக்கும் பட்டத்துக்கும், நம் பக்கத்தில் கிட்டிப்புள்ளுக்கும் பம்பரத்துக்கும் உரிய வேளையாய் இருந்தது. எனினும் தொடர் முடிந்ததும் பிள்ளைகள் தெருவுக்குத் திரும்பினர். ஏனெனில் காண்பதற்கு வேறொன்றும் இல்லை. 1991-க்குப் பின்னர் வானிலிருந்து அயல்நாட்டு அலைவரிசைகள் இறங்கின. கம்பி வழியாக வீடுதோறும் வந்தன. நிகழ்ச்சி முடியும் நேரம் என்ற ஒன்றே இல்லாதொழிந்தது. குழந்தைகளுக்கென்றே நாள் முழுதும் கேலிச்சித்திரங்கள் ஓடும் அலைவரிசைகளும் பின்னர்த் தோன்றின. மூன்று வேலிகளும் வீழ்ந்தன.

அதே ஆண்டுகளில் வேறு சில மாறுதல்களும் நேர்ந்தன. நகரங்களில் காலி மனைகள் கட்டடங்களாயின. தெருக்களில் வண்டிகள் பெருகின. தாய்மார் பிள்ளையைத் தனியே அனுப்ப அஞ்சினர். பெண் பிள்ளைகளை அனுப்ப மேலும் அஞ்சினர். தேர்வுப் போட்டி மாலைப் பொழுதைத் தனிப்பயிற்சிக்கு இரையாக்கிற்று. பொட்டலத்தில் அடைத்த வறுவல்களும் இனிப்பூட்டிய குளிர்பானங்களும் ஊர்க் கடைவரை வந்து தொங்கின. ஆகவே பிள்ளை திரைமுன் அமர்ந்ததற்குத் திரையின் கவர்ச்சி மட்டும் காரணமன்று. வெளியே அதற்கு இடமில்லாது போயிற்று. குழந்தையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன் இதனை நாம் நினைத்தல் வேண்டும்.

கடல் கடந்த சான்று

நம் வீடுகளில் பெட்டி நுழைந்த இந்நாட்களில், ஒரு தலைமுறைக்கு முன்பே அதனை ஏற்றுக்கொண்ட அமெரிக்காவில் மருத்துவர்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்தனர். டீட்ஸ், கார்ட்மேக்கர் என்னும் இருவர், 1960-களில் தொகுக்கப்பெற்ற தேசிய உடல்நலப் பதிவேடுகளை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 12 முதல் 17 வயதுள்ளோரில், நாளொன்றுக்குத் தொலைக்காட்சி பார்க்கும் நேரம் ஒரு மணி கூடினால், பருமனுற்றோரின் விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு கூடுவதாக அவர்கள் கண்டனர்.

பருத்த பிள்ளைகள் அசைய விரும்பாமல் திரையை நாடுகின்றனரா, அன்றித் திரையை நாடியதால் பருத்தனரா? இவ்வையத்தைத் தீர்க்க ஒரு நேர்முகச் சோதனை தேவைப்பட்டது. 1999-இல் ராபின்சன் என்னும் மருத்துவர் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில் இரு தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டு செய்த சோதனையின் முடிவை வெளியிட்டார். ஒரு பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர்க்கு அவர்களுடைய ஆசிரியர்களே ஆறு மாதங்களில் பதினெட்டுப் பாடங்கள் கற்பித்தனர். முதலில் பத்து நாட்கள் திரை நோன்பு. பின்னர் வாரத்துக்கு ஏழு மணி நேரம் என்று வரையறை. இதனை உண், இவ்வாறு ஓடு என்ற அறிவுரை எதுவும் தரப்பெறவில்லை. மற்றப் பள்ளி வழக்கம்போல் இயங்கியது. ஆண்டின் இறுதியில், திரையைக் குறைத்த பிள்ளைகள் வளர்ச்சியில் குறையாமலே, மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பருத்திருந்தனர். பெட்டியின் முன் அமர்ந்து உண்ட வேளைகளும் அவர்களுக்குக் குறைந்திருந்தன.

இக்கடைசிச் செய்தி முக்கியமானது. திரை மூன்று வாயில்களின் வழியாக எடையைக் கூட்டுகின்றது. முதலாவது, அசைவைக் குறைக்கின்றது. இரண்டாவது, கவனத்தைக் கவர்ந்து, வயிறு நிறைந்ததைக் குழந்தை உணராதபடி செய்கின்றது. இடையிடையே பண்ட விளம்பரங்களைக் காட்டிப் பசியில்லாத வேளையிலும் நாவில் நீர் ஊறச் செய்கின்றது. மூன்றாவது, இரவுத் தூக்கத்தைத் திருடுகின்றது. போதிய தூக்கமில்லாத பிள்ளைகளிடம் எடை கூடும் போக்கைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. சணல் ஆலையில் மேயர் கண்ட அந்தத் தராசு முள்ளை இம்மூன்றும் சேர்ந்து ஆட்டி வைக்கின்றன.

கைக்குள் அடங்கிய திரை

தொலைக்காட்சிப் பெட்டி பெரிது. அது கூடத்தில் நின்றது. வீட்டார் அனைவரும் அறிய ஓடியது. 2016-க்குப் பின்னர் இணைய வசதி மலிவாகி, உள்ளங்கையளவுத் திரை சிற்றூர்வரை எட்டியது. அது படுக்கைக்கும் வந்தது. சோற்றுத் தட்டின் அருகிலும் அமர்ந்தது. அழுகின்ற குழந்தையின் கையில் கிலுகிலுப்பையை வைத்த இடத்தில் கைப்பேசியை வைத்தோம். ஒரு வாய் சோறு ஊட்ட நிலவைக் காட்டிய வழக்கம் மாறி, ஓடும் படத்தைக் காட்டும் வழக்கம் வந்தது. நிலவைப் பார்த்த குழந்தை தாயின் குரலையும் கேட்டது. போதும் என்று தலையையும் திருப்பிக்கொண்டது. படத்தில் ஆழ்ந்த குழந்தையோ வாயை மட்டும் திறந்தது.

2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பெற்றபோது, திரை மீண்டும் ஆசிரியர் ஆயிற்று. இம்முறை அதற்கு மாற்று இருக்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் மத்தியக் கல்வித்துறை 'பிரக்யாதா' என்னும் நெறிமுறைகளை வெளியிட்டு, மழலையர்க்கு நாளொன்றுக்கு 30 நிமிடங்கள், எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிட வகுப்புகள் இரண்டு, அதற்கு மேல் நான்கு என வரம்பிட்டது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒளிபரப்பு நிலையத்தின் கையிலிருந்த அளவை அரசு தேடி எடுத்துத் தர முயன்றதாக இதனைக் கருதலாம். ஆனால் பாடம் முடிந்தபின் அணைப்பதற்கு நிலையம் ஏதும் இல்லை. கருவி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. பள்ளிகள் திறந்த பின்னரும் பல வீடுகளில் அது திரும்ப வரவில்லை.

திடலுக்குத் திரும்பும் வழி

இந்திய நாட்டில் இவ்விஷயத்தைப் பேசுவோர்க்கு ஒரு எச்சரிக்கை தேவை. நூற்றுக்கு இருபத்து மூவர் மெலிந்துள்ள வகுப்பறையில் 'குறைவாக உண்' என்று பொதுவாக உபதேசித்தல் பெரும் பிழையாகும். வளரும் பிள்ளையைப் பட்டினி போடுதலும், பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு நகைத்தலும் கொடுமை. நகைப்புக்கு அஞ்சிய பிள்ளை திடலை விட்டே ஒதுங்கித் திரையிடம் தஞ்சம் புகும். மேலும், குழந்தையின் எடையைக் கண்ணால் மதிப்பிடுதல் கூடாது. வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணையைக் கொண்டு மருத்துவரே கூறத் தக்கது அது.

செய்யக்கூடியது என்ன? புணே நகரப் பள்ளி ஒன்றில் ஐந்தாண்டுகள் நடந்த ஒரு முயற்சியின் முடிவு 2016-இல் வெளிவந்தது. அங்கே விளையாட்டு வகுப்புகளைப் பெருக்கினர். நல்லுணவும் நல்வழக்கமும் கற்பித்தனர். ஐந்தாண்டு முடிவில் அப்பிள்ளைகள் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் பிறரை விஞ்சினர். உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்தது. பழம் உண்ணும் வழக்கம் கூடியது. இடையின் சுற்றளவும் குறைவாக இருந்தது. எடை விகிதமோ மாறவில்லை. இதனை நாம் தோல்வி என்று கொள்ளலாகாது. வலிவும் சுறுசுறுப்பும் தராசில் ஏறாத செல்வங்கள். பள்ளி தன் பங்கைச் செய்தாலும் வீடும் கடைத்தெருவும் தம் பங்கைச் செய்யாதவரை எடை எளிதில் இறங்காது என்பதே இதனின்று நாம் பெறும் பாடம்.

சட்டம் ஓரளவு துணை நிற்கின்றது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் விளையாட்டுத் திடலையும் ஒன்றாகக் குறித்தது. 2020-இல் வகுத்த உணவுப் பாதுகாப்பு விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கலாகாது என்றன. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டா எனவும், ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது எனவும், ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் நிற்க வேண்டும் எனவும் கூறுகின்றது. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமேனும் உடல் வியர்க்க இயங்குதல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஆனால் விதிகள் ஏட்டில் இருக்க, அளவு வகுக்கும் பொறுப்பு இப்போது வீட்டின் கையில் வந்து நிற்கின்றது. முன்னாளில் தில்லி நிலையம் செய்ததை இன்று தாயும் தந்தையும் செய்தாக வேண்டும். உண்ணும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் திரை வேண்டா என்பது ஒரு வேலி. பாடம் முடிந்ததும் கருவி பெரியவர் கைக்குத் திரும்ப வேண்டும் என்பது மற்றொரு வேலி. இவ்விரண்டையும் பெரியவர்களும் கடைப்பிடித்தாலன்றிப் பிள்ளைகள் ஏற்கமாட்டார். இரவு உணவின்போது தந்தையின் முகத்தில் கைப்பேசியின் ஒளி படிந்திருக்குமானால், மகனுக்கு அவர் கூறும் அறிவுரையில் ஒளி இராது.

வேலி மட்டும் போதாது. வேலிக்கு அப்பால் திடல் வேண்டும். எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஒன்றைத் திருப்பித் தருதல் நம் கடமை. மாலையில் ஒரு மணி நேரம் தனிப்பயிற்சியிலிருந்து விடுதலை, பள்ளி முடிந்தபின்னும் பூட்டப்படாத திடற்கதவு, பெண் பிள்ளைகள் அச்சமின்றி ஓடியாட ஒரு வேளை, கூடவே நின்று காவல் காக்க ஒரு பாட்டியோ பக்கத்து வீட்டாரோ: இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. தில்லிப் பள்ளிகளில் அன்று மணி அடித்ததும் பெட்டி அணைந்தது, பிள்ளைகள் ஓடினர் என்று கண்டோம். மணியை அடிக்கவேண்டியவர் இன்று நாம். ஓடுவதற்கு இடத்தை ஒழித்துத் தரவேண்டியவரும் நாமே. இரண்டையும் செய்துவிட்டால், ஓடும் வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வர்.